கடைசி ஆள் எடுக்க வேண்டிய குழை

பெட்டியைக் கீழே வையுங்க சார். மார்த்தாண்டம் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் சீலிங் ஃபேனை மடியில் வைத்திருந்தால் கால் மரத்துவிடும். நான் என் காலை இப்படி ஒதுக்கிக்கொள்கிறேன். ஆங், இப்போது சரி. நான் அவ்வளவு தூரம் வரவில்லை. தக்கலை தாண்டிப் பனச்சவிளை விலக்கில் இறங்குகிறேன். அங்கே ஜெபசிங் மாஸ்டர் வீட்டில் பதினொரு மணிக்குக் கூட்டம். மலை ஏறுகிறவர்கள் கூட்டம். வருஷத்துக்கு ஒரு தரம் கூடி, கேக் வெட்டி, போட்டோ எடுத்துவிட்டுக் கலைவார்கள்.

என்னைப் பார்த்தால் மலை ஏறுகிற ஆளாகத் தெரியவில்லை, இல்லையா? நாலு வருஷம் அந்தக் குழுவில் இருந்தேன் சார். போன ஜூனில் பெயரை எடுத்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் இருந்தும் எடுத்துவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிலஅளவைத் துறையில் முப்பத்துநாலு வருஷம் இருந்தவன் நான், கடைசியில் தலைமை வரைவாளர். ஒரு மெமோ வாங்கியதில்லை. வெளியேற்றம் என்பதை முதல் தரமாக இந்தப் பி.டி. மாஸ்டர் கையால் பார்த்தேன்.

பிறகு ஏன் போகிறேன் என்று கேட்பீங்க. அங்கே எல்லார் முன்னாலும் எழுந்து நின்று நான் ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். சொன்னால் என் வீட்டுக்காரி நாச்சியார் என்னோடு நாகர்கோவிலுக்குத் திரும்பி வருவாள். சொல்லாவிட்டால் வரமாட்டாள். ஏழு மாதமாகத் தக்கலையில் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். இன்றைக்குத் துணிப்பையோடேயே கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஒரே ஒரு வாக்கியம். அதிலும் தகராறு ஒரே ஒரு வார்த்தையில். நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்க, இது நியாயமா என்று.

கூவைக்காடு எஸ்டேட் நீங்க கேள்விப்பட்டிருக்கமாட்டீங்க. பேச்சிப்பாறைக்கும் மேலே. ஒரு வெள்ளைக்காரன் கிராம்பு போட்ட இடம். நாற்பது வருஷமாக அங்கே ஆள் இல்லை. ஜீப் போன ரோட்டில் இப்போது பிரம்பும் ஈற்றை மூங்கிலும் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. மேலே கூரையில்லாத ஒரு பங்களா. பார்க்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனாலும் முறைப்படி அனுமதி வாங்கிப் பதினாலு பேர் போனோம்.

அந்த எஸ்டேட்டின் பழைய சர்வே படத்தின் நகல் என்னிடம் இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு வழியையும் சிவப்பு மையில் ஏற்றி, பிளாஸ்டிக் உறை போட்டு எடுத்துப் போயிருந்தேன். அப்படி ஒருவன் வந்தால் அவனைத்தானே முன்னால் விடவேண்டும்? வேனை விட்டு இறங்கியதும் ஜெபசிங் மாஸ்டர் சொல்கிறார், "சார், மல்லன் முன்னால போகட்டும். நீங்க கடைசி ஆளா வாங்க. பொறுப்பான ஆளு பின்னால வந்தாத்தான் எங்களுக்கு நிம்மதி." எவ்வளவு இனிப்பாகச் சொல்கிறார் பாருங்க. முப்பது வருஷம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவர். எவனை எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

மல்லன் என்றால் மல்லன் காணி. அந்த மலையிலேயே இருக்கிற பழங்குடி, காணிக்காரன், வழிகாட்ட வந்தவன். என் படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல உள்ள வழி எல்லாம் எங்க அப்பன் காலத்துலயே போயாச்சு சாரே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நாச்சியாரும் சிரித்தாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவளுக்கு வரவே இஷ்டமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு முழங்காலும் கொஞ்ச நாளாக வலி. நான்தான் பெயர் கொடுத்தேன். மற்றவர்கள் ஜோடியாக வரும்போது நான் மட்டும் தனியாக நின்றால் நன்றாகவா இருக்கும்? புது ஷூவும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஒரு சைஸ் பெரிதாகப் போய்விட்டது. கடையில் மாற்றலாம், போட்டுப் பார் என்று சொன்னேன். போட்டுப் பார்க்கவில்லை. அது என் தப்பா?

இப்போது குழை விஷயம். இதுதான் முக்கியம். ஏறுவதற்கு முன்னால் மல்லன் எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னான். வழி பிரிகிற இடத்தில், போகக்கூடாத பக்கத்தில், பச்சையாக ஒரு குழை ஒடித்துக் குறுக்கே போட்டுவிட்டுப் போவான். இலையோடு கூடிய சின்னக் கொப்பு, அவ்வளவுதான். பின்னால் வருகிறவர்கள் குழை கிடக்கிற பக்கம் திரும்பக்கூடாது. மற்றப் பக்கம் போகவேண்டும். கடைசியில் வருகிற ஆள் அதை எடுத்து ஓரமாக எறிந்துவிடவேண்டும். அது அவர்கள் வழக்கம்.

"அதை என்னத்துக்கு எடுக்கணும்?" என்று நான்தான் கேட்டேன்.

"நாளைக்கு எங்க ஆளு தேனெடுக்க வருவான் சாரே. குழை கிடந்தா அந்த வழி ஆகாதுன்னு நெனச்சு மலையைச் சுத்திப் போவான். நாம போனதும் வழியைத் தெறந்து விட்டுரணும்." பிறகு மற்றவர்களைப் பார்த்து, "கடைசி ஆளு எடுத்தாப் போதும். வேற ஆரும் தொடாண்டாம்" என்றான்.

அத்தனை பேர் முன்னால் சொன்னான். சரி, முன்னால் விடவில்லை, இதையாவது ஒரு குறை இல்லாமல் செய்து காட்டுவோம் என்று நினைத்தேன். நான் ஒரு வேலையைக் கையில் எடுத்தால் அப்படி.

காட்டைப் பற்றிக் கேட்காதீங்க. முன்னால் போகிறவர் விலக்கிய கொடி திரும்பி வந்து நம் மூஞ்சியில் அடிக்கும். பத்தடிக்கு அந்தப் பக்கம் ஆள் தெரியாது. மல்லனின் வெட்டுக்கத்திச் சத்தத்தை வைத்துத்தான் நடந்தோம். கீழே அட்டை, இலைக்கு இலை நின்று ஆடுகிறது. நாச்சியார் எனக்கு முன்னால், அதாவது கடைசிக்கு முந்தின ஆள். முதல் பிரிவில் குழை எடுத்தேன். இரண்டாவதிலும் எடுத்தேன். அதுவரைக்கும் யாருக்கும் எந்தப் புகாரும் இல்லை.

"இஞ்ச பாருங்க, செத்த நிப்போமா?" என்றாள்.

"வரிசை போயிட்டிருக்கு."

"போனா போகட்டு. ஷூவுக்குள்ள என்னவோ ஊருது."

"அட்டைதான். ஊரட்டும். மேல போயி உப்புப் போட்டுக்கலாம்."

"ஒங்க காலா இருந்தா இப்படிச் சொல்லுவியளா?"

ஒன்பதே முக்காலுக்கு உட்கார்ந்துவிட்டாள். விழுந்து கிடந்த ஒரு மரத்தில். ஷூவைக் கழற்றி, சாக்ஸைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் பிய்த்து எறிய ஆரம்பித்தாள். நான் நின்றேன் சார். நிற்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாலு நிமிஷம். வாட்ச் பார்த்தேன். முன்னால் போன பேச்சுச் சத்தம் தேய்ந்துவிட்டது. கத்திச் சத்தம் மட்டும் எங்கேயோ கேட்கிறது.

"ஏட்டி, எந்திரி. கடைசி ஆளு நான். நீ எனக்குப் பின்னால வரக்கூடாது."

"பின்ன நில்லுங்க."

"நின்னா வரிசை போயிரும்."

"அப்போ போங்க. ஒங்களுக்கு வரிசைதானே பெரிசு. நான் இந்தா வாறேன்."

போங்க என்று சொன்னது யார்? அவள். நான் நடந்தேன். ஐந்து நிமிஷத்தில் மூன்றாவது பிரிவு. இடது பக்கம் குழை கிடந்தது. எடுத்து எறிந்தேன். இன்னும் கொஞ்சம் போனால் நாலாவது. அதையும் எடுத்தேன்.

இப்போது நீங்க என்ன கேட்கப்போகிறீங்க என்று தெரியும். எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். பின்னால் ஆள் இருக்கும்போது ஏன் எடுத்தாய்? கடைசி ஆள் யார் சார்? நான். கடைசி ஆள் என்ன செய்யவேண்டும்? எடுக்கவேண்டும். எனக்குப் பின்னால் வருவதற்கு மாஸ்டர் யாரையும் போடவில்லையே. வரிசையில் இல்லாத ஆளுக்கு நான் எப்படிப் பொறுப்பு?

தக்கலை வந்துவிட்டது. இங்கே ஐந்து நிமிஷம் போடுவான். வறுத்த கடலை கொண்டுவருவார்கள், நன்றாக இருக்கும். வேண்டாமா? நானும் வாங்குவதில்லை, பல் ஆடுகிறது. அந்தப் பெட்டியை மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளுங்க, ஏறுகிறவர்கள் மிதித்துவிடுவார்கள்.

பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு பத்து. எல்லாரும் கல்லில் உட்கார்ந்து காலில் அட்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மல்லன் என்னைப் பார்த்ததும், "கடைசி ஆளு சாரே, எல்லாரும் வந்தாச்சா?" என்றான்.

"வந்தாச்சு" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. கடைசி ஆள் வந்தால் எல்லாரும் வந்தாச்சு என்றுதானே அர்த்தம்? அதிலும் அவள் இதோ வந்துவிடுவாள் என்றுதான் இருந்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. சாப்பாட்டுப் பை என்னிடம்தான் இருந்தது. அத்தனை தூரம் அதைச் சுமந்ததும் நான்தான், அதை யாரும் சொல்வதில்லை. புளிச்சாதமும் தேங்காய்த் துவையலும். விடியுமுன்னே எழுந்து கட்டியிருந்தாள். என் பங்கை நான் சாப்பிட்டேன். அவள் பங்கைத் தொடவில்லை. மாஸ்டருக்கு மட்டும் அதில் ஒரு கரண்டி வைத்தேன், மரியாதைக்கு.

சாதத்தை வாயில் வைத்துக்கொண்டே கேட்கிறார், "நாச்சியார் அக்காவை எங்க காணலை?"

"முட்டு வலின்னு வேனுக்குத் திரும்பிட்டா."

"தனியாவா விட்டீங்க?"

"அவ என்ன சின்னப் பிள்ளையா மாஸ்டர்? ஆரம்பத்துலயே திரும்பிட்டா. வேன் தெரியுற தூரம்தான்."

மல்லன் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "அப்போ எல்லாரும் வந்தாச்சுன்னு சொன்னீங்களே சாரே?"

"வர வேண்டியவங்க வந்தாச்சு" என்றேன். அதில் என்ன பொய் இருக்கிறது?

வேனுக்குத் திரும்பிவிட்டாள் என்பது நான் சும்மா சொன்னது இல்லை. அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கோபம் வந்தால் அவள் அப்படித்தான், பேசாமல் எழுந்து போய்விடுவாள். கல்யாண வீட்டில் இருந்தே போயிருக்கிறாள். மூன்று மணிக்கு மழை பிடித்தது. அதே வழியில்தான் இறங்கினோம், நான்தான் மறுபடியும் கடைசி. அவள் உட்கார்ந்திருந்த மரத்தைப் பார்த்தேன். ஆள் இல்லை. சரி, வேனில்தான் இருக்கிறாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. கொட்டுகிற மழையில் வேறு எந்தச் சத்தமும் யாருக்கும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு வேன் பக்கத்தில் வந்தால், டிரைவர், "அக்கா இங்க வரலியே சார்" என்கிறான்.

மல்லனும் அவன் ஊர் ஆட்கள் ஆறு பேரும் டார்ச்சோடு ஏறினார்கள். மாஸ்டரும் ஏறினார். நான் ஏறவில்லை. யாராவது வேனில் இருக்கவேண்டாமா? அவள் வேறு பக்கமாக வந்து நின்றால்? அதையும் இன்றைக்கு ஒரு குற்றமாகச் சொல்கிறார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் கிடைத்தாள். மூன்றாவது பிரிவில் இடது பக்கம் திரும்பியிருக்கிறாள். இடது பக்கம்தான் வழி அகலம், யாராக இருந்தாலும் அதைத்தான் எடுப்பார்கள். உள்ளே இருநூறு மீட்டரில் கிராம்பு உலர்த்துகிற பழைய களம். அதன் ஓரம் இடிந்து கீழே ஓடையில் நிற்கிறது. மேலே செடி மூடியிருந்ததால் தெரியாமல் கால் வைத்து விழுந்திருக்கிறாள். கணுக்கால் இரண்டாக ஒடிந்துவிட்டது. அப்படியே இரவெல்லாம் மழையில் இருந்திருக்கிறாள். அரை பாட்டில் தண்ணீர். காலில் அட்டை கடித்த இடத்தை டாக்டர் எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

ஈற்றைக் கம்பில் வேட்டியைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கம்பைப் பிடித்திருந்த மல்லனிடம் கேட்கிறாள், "அண்ணே, அந்த மூணாவது முக்குல நீங்க குழை போடலியா?"

"போட்டேன் அக்கா. ரெண்டு கொப்பு சேத்துப் போட்டேன். அந்தப் பக்கம் களம் இடிஞ்சு கிடக்குன்னு எனக்குத் தெரியுமே."

அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பொருள் வாங்கிய கடையில் எடையில் குறைகிறது என்று தெரிந்ததும் கடைக்காரனைப் பார்ப்பார்கள் இல்லையா, அப்படி.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. காலில் கம்பி வைத்தார்கள். பில்லைக் கட்டினேன், ஹார்லிக்ஸ் வாங்கி வைத்தேன், ஒரு நாள் விடாமல் போனேன். டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஆட்டோவோடு போகிறேன், தங்கச்சி வந்து கூட்டிப்போய்விட்டாள். பிறகு மாஸ்டர் மூலமாகச் செய்தி வருகிறது. அந்தப் பதிமூன்று பேர் முன்னால் நான் சொல்லவேண்டிய வாக்கியம்: "அவ பின்னால வாறான்னு தெரிஞ்சேதான் குழையை எடுத்தேன்." இவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கவேண்டாம், காலில் விழவேண்டாம், இதைச் சொன்னால் போதுமாம்.

நான் மூன்று விதமாக எழுதி அனுப்பினேன். 'கவனக்குறைவாக எடுத்துவிட்டேன்' என்று ஒன்று. 'சூழ்நிலை காரணமாக எடுக்க நேர்ந்தது' என்று ஒன்று. 'எடுத்திருக்கக்கூடாது' என்றுகூட எழுதினேன் சார், அதைவிட ஒரு மனுஷன் என்ன இறங்கிவருவான்? மூன்றும் திரும்பி வந்துவிட்டது. தெரிஞ்சே என்கிற வார்த்தை இல்லாமல் வேண்டாமாம். மாஸ்டர் போனில் சொல்கிறார், "அக்கா இன்னொண்ணும் சொன்னாங்க சார். அவருக்கே தெரியும், நான் அங்க வச்சு என்ன சொல்லி அனுப்பினேன்னு."

என்ன சொன்னாளா? அது... மரத்தில் உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னேன் இல்லையா, நான் நடக்கத் தொடங்கிய பிறகு பின்னாலிருந்து சொன்னாள். "குழை கிடக்குல்ல, அதைப் பாத்து வந்துருவேன். நீங்க போங்க." இதை நான் முதலில் விட்டுவிட்டேன். மறைக்கவில்லை, விட்டுப்போய்விட்டது. நீங்களும் எங்கேயோ ஃபேனைக் கொண்டுபோகிற ஆள், உங்களிடம் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்ல முடியுமா?

ஆமாம் சார். கேட்டது. நன்றாகவே கேட்டது.

உங்களிடம் சொல்வதில் எனக்கு ஒன்றுமில்லை. மார்த்தாண்டத்தில் இறங்கிப் போய்விடுவீங்க. மூன்றாவது முக்கில் குழையைக் கையில் எடுத்தபிறகு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். கிராம்புக் குழை, கையெல்லாம் வாசனை. திரும்பப் போட்டுவிடலாம் என்று தோன்றியது. போட்டால், இறங்கும்போது மல்லன் பார்ப்பான். 'கடைசி ஆளு இதை எடுக்கலியே' என்பான். காலையில் படத்தைப் பார்த்துச் சிரித்த மாதிரி எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். கொஞ்ச நேரம் வழி தெரியாமல் நிற்கட்டும் என்றும் ஒரு நினைப்பு வந்தது. கொஞ்ச நேரம்தான். ஒரு பத்து நிமிஷம் நின்று, 'என்னங்க' என்று ஒரு குரல் கொடுத்தால் நான் போய்க் கூட்டி வந்திருப்பேன். குரல் கொடுக்கவில்லை. அல்லது கொடுத்திருப்பாள், எனக்குத் தெரியாது. நான் நடந்துவிட்டேன்.

இதையே அங்கே சொல்லிவிடுங்க என்கிறீங்களா? சொல்வது சுலபம் சார். உங்களுக்கு அந்த ஜெபசிங்கைத் தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார். மற்றவர்கள் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு ஒரு ஜென்மத்துக்கு நான் அந்த ஆள். வீட்டுக்கு வந்தால் மட்டும் என்ன? ரசம் வைப்பாள், துணி மடிப்பாள், எல்லாம் செய்வாள். ஆனால் தினம் தினம், நான் என் வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு செய்வாள். இப்போது அவளுக்குச் சந்தேகம்தான். சொல்லிவிட்டால் அது உறுதி. நாலு சுவருக்குள் அதோடு எப்படி இருப்பது என்று நீங்க சொல்லுங்க. உங்கள் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்கிறீங்களா? கோபப்படாதீங்க, ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

இதுதான் சார் பனச்சவிளை விலக்கு. முன்னால் ஒரு டவுன் பஸ் நிற்கிறது பாருங்க. அதிலிருந்து இறங்குகிறாள் இல்லையா, பச்சைச் சேலை, ஊன்றுகோல் வைத்துக்கொண்டு, அதுதான் நாச்சியார். பை கொண்டுவந்திருக்கிறாள். பெரிய பைதான். ஏழு மாதத்துத் துணி எல்லாம் இருக்கும்.

வேண்டாம், பெட்டியை நகர்த்தாதீங்க. இருக்கட்டும்.

நொண்டுகிறாள். இன்னும் இவ்வளவு நொண்டுவாள் என்று மாஸ்டர் சொல்லவில்லை. அந்தச் சந்தில் நாலாவது வீடு. கதவு திறந்துதான் இருக்கும்.

கண்டக்டர், ரைட் கொடுங்க, இங்கே இறங்க ஆள் இல்லை. எனக்கு மார்த்தாண்டத்துக்கு ஒரு டிக்கெட் போடுங்க. வடசேரியில் பனச்சவிளைக்குத்தான் எடுத்தேன், ஆமாம். இது எக்ஸ்பிரஸ் பஸ்தானே, விலக்கில் எல்லாம் நிற்காது என்று மாஸ்டருக்குப் போனில் சொல்லிக்கொள்கிறேன்.

பார்த்தீங்களா சார், போய்க்கொண்டே இருக்கிறாள். பின்னால் ஆள் வருகிறதா என்று ஒரு தரம், ஒரே ஒரு தரம், திரும்பிப் பார்க்கவேண்டாமா?